ஆன்லைன் சிறுதேர்வு: லிங்க் திறக்காத பிள்ளைக்கு என்ன வழி?

கேள்வி சுருக்கமாக இது: 9ஆம் வகுப்பு, தமிழ் வழி, 42 பேர். வாரம் ஒரு அறிவியல் சிறுதேர்வைக் கூகுள் ஃபார்ம்ஸில் வைக்கிறீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க்கைப் போட்டால் பாதிப் பேருக்குத் திறப்பதில்லை. சிலருக்கு ‘அனுமதி வேண்டும்’ என்று வருகிறது, சிலருக்கு ‘நீங்கள் ஏற்கெனவே பதில் அளித்துவிட்டீர்கள்’ என்று வருகிறது. எழுதி முடித்த பிறகு எல்லாம் அழிந்துவிட்டது என்கிறார்கள் சிலர். இரண்டு மூன்று வீடுகளில் போனே இல்லை. வேறு செயலிக்கு மாறினால் சரியாகுமா?

இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை செட்டிங்ஸில் வரும் சிக்கல்கள்தாம். காப்பியடிக்கக் கூடாது, ஒருவரே இரண்டு முறை எழுதக் கூடாது என்று ஆசிரியர் போடும் பூட்டு ஒவ்வொன்றும் இரவல் போனில் எழுத வரும் பிள்ளையைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது. காப்பியடிக்க நினைப்பவனிடம் எப்படியும் இரண்டாவது போன் இருக்கும்.

அதனால் செட்டிங்ஸைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த மதிப்பெண் பதிவேட்டில் ஏறப்போகிறதா? வாரச் சிறுதேர்வு பயிற்சிக்குத்தான் என்றால் எல்லாப் பூட்டையும் கழற்றிவிடலாம். ஏறும் என்றால் அதை வகுப்பறையிலோ கணினி அறையிலோ வைத்துவிடுங்கள். வீட்டில் போனில் எழுதும் தேர்வைக் கண்காணிக்க ஃபார்ம்ஸில் எந்த வசதியும் இல்லை. ‘லாக்டு மோட்’ என்று ஒன்று கண்ணில் படும். பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் என்ற கூகுள் வகை மடிக்கணினியில் மட்டும்தான் அது வேலை செய்யும், போனில் செய்யாது. கீழே சொல்வதெல்லாம் பயிற்சித் தேர்வு என்று வைத்துக்கொண்டு சொல்வது.

‘அனுமதி வேண்டும்’ என்று வந்தால்

இதற்குக் காரணம் அநேகமாக நான்கில் ஒன்றாக இருக்கும். அடிக்கடி நடப்பது மிக எளிய தவறு: ஆசிரியர் தன் திரையின் மேலே உள்ள முகவரியை அப்படியே நகல் எடுத்து அனுப்பிவிடுவார். அது ஃபார்மைத் திருத்துவதற்கான முகவரி. அதன் கடைசிப் பகுதியில் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல் இருக்கும். அதைத் தொடுகிற மாணவருக்கு அனுமதி கோரும் பக்கம்தான் வரும், உங்கள் மெயிலுக்கும் வரிசையாக அனுமதிக் கோரிக்கைகள் வந்து விழும். மாணவருக்குப் போக வேண்டிய முகவரியில் ‘வியூஃபார்ம்’ என்று இருக்கும், அல்லது அது சுருக்க லிங்க்காக இருக்கும். பயந்துபோய் எல்லாக் கோரிக்கைக்கும் ‘சரி’ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மாணவர்கள் வினாத்தாளைத் திருத்துபவர்கள் ஆகிவிடுவார்கள். விடைக்குறிப்பும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் ‘பப்ளிஷ்’ பொத்தான். இப்போதைய ஃபார்ம்ஸில் அதை அழுத்தினால்தான் தாள் மாணவர்களுக்குத் திறக்கும். அங்கேயே யார் பதில் அளிக்கலாம் என்று கேட்கும் இடமும் இருக்கிறது. லிங்க் வைத்திருக்கும் எவரும் என்ற தேர்வு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபார்மை நகல் எடுத்துப் புதிய தாள் செய்பவர்கள் இதை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பள்ளி கொடுத்த ஐடி. பள்ளியின் பெயரில் முடியும் மெயில் ஐடியில் ஃபார்ம் செய்தால், அந்த நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு தானாகவே விழுந்திருக்கலாம். மாணவரிடமும் பள்ளி ஐடி இருக்கும், ஆனால் போனில் அப்பாவின் ஜிமெயில்தான் முதலில் இருக்கும். பிரவுசர் அதைக்கொண்டே ஃபார்மைத் திறக்கப் பார்த்து முட்டி நிற்கும். மாணவர் பக்கம் தீர்வு வேண்டுமென்றால் ‘ஸ்விட்ச் அக்கவுண்ட்’ தொட்டுப் பள்ளி ஐடிக்கு மாற வேண்டும். 42 பேருக்கு அதைப் போனில் விளக்குவதைவிட உங்கள் பக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை அணைப்பது ஒரு நிமிட வேலை.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. தாளில் ஏதாவது ஒரு கேள்வி ‘ஃபைல் அப்லோட்’ வகையில் இருந்தால் போதும், மற்ற எல்லாப் பூட்டும் திறந்திருந்தாலும் மொத்த ஃபார்மும் கூகுள் லாகின் கேட்கும். படம் வரைந்து பாகம் குறி என்பதற்காக ஆசிரியர் ஒரே ஒரு அப்லோட் கேள்வி வைப்பார், மற்ற ஒன்பது ஒரு மதிப்பெண் வினாவும் அதோடு சேர்ந்து மூடிக்கொள்ளும். வந்து சேரும் புகைப்படங்களும் உங்கள் டிரைவில்தான் குவியும்; இலவசக் கணக்கில் மெயில், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். படம் வரைவதை நோட்டிலேயே வரையச் சொல்லி, மறுநாள் வகுப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கில் எது என்று தேட நேரமில்லையா? லிங்க்கை உங்கள் போனில் இன்காக்னிடோ ஜன்னலில் (உங்கள் கூகுள் லாகின் தொடராத தனி ஜன்னல்) திறந்து பாருங்கள். லாகின் கேட்காமல் முதல் கேள்வி தெரிந்தால் மாணவர்களுக்கும் தெரியும். குரூப்பில் போடும் முன் இந்தச் சோதனையை வழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தொலைபேசி அழைப்பு குறையும்.

ஒரே போன், இரண்டு பிள்ளைகள்

‘ஏற்கெனவே பதில் அளித்துவிட்டீர்கள்’ என்பதன் பின்னணி இது. செட்டிங்ஸில் ‘லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்’ போட்டிருக்கிறீர்கள். அது ஒரு மாணவருக்கு ஒரு பதில் என்று கணக்கு வைப்பதில்லை. ஒரு கூகுள் கணக்குக்கு ஒரு பதில் என்றுதான் வைக்கிறது. ஒரே தெருவில் உள்ள இரண்டு வகுப்புத் தோழிகள் ஒரு போனில் எழுதினால் முதல் பெண் சப்மிட் செய்தவுடன் இரண்டாமவளுக்குக் கதவு சாத்தப்படும். ‘அலோ ரெஸ்பான்ஸ் எடிட்டிங்’கையும் சேர்த்துப் போட்டிருந்தால் இன்னும் மோசம். பதிலைத் திருத்தும் லிங்க் ஒன்று திரையில் தெரியும். இரண்டாமவள் அதைத் தொட்டு எழுதி அனுப்பிவிடுவாள். உங்கள் தாளில் முதல் பெண்ணின் விடை இருந்த இடத்தில் இவளுடையது உட்கார்ந்திருக்கும். ஒருத்தி தேர்வே எழுதவில்லை என்று நீங்கள் முடிவு செய்வீர்கள்.

இரண்டையும் அணைத்துவிடுங்கள். மெயில் முகவரி சேகரிப்பதையும் அணையுங்கள். அதில் ‘வெரிஃபைடு’ என்ற வகை லாகின் கேட்கும். ‘ரெஸ்பாண்டர் இன்புட்’ வகை லாகின் கேட்காது, ஆனால் மெயில் முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்யச் சொல்லும். 9ஆம் வகுப்புப் பிள்ளைக்கு மெயில் முகவரியே இல்லை என்றால் எதையோ கற்பனையாக அடித்துவிட்டுப் போகும், உங்களுக்கு அதில் லாபமில்லை.

அப்படியானால் யார் எழுதினார்கள் என்று எப்படித் தெரியும்? வருகைப் பதிவேட்டின் வரிசை எண்தான் அடையாளம். பெயரைத் தட்டச்சு செய்யவிட்டால் ஒரே பிள்ளை ஒரு வாரம் தமிழில், ஒரு வாரம் ஆங்கிலத்தில், ஒரு வாரம் இனிஷியல் இல்லாமல் எழுதும். பிறகு உட்கார்ந்து பொருத்த முடியாது. வரிசை எண்ணைப் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்வு செய்யும் ‘டிராப்டவுன்’ கேள்வியாக வைத்து 1 முதல் 42 வரை கொடுத்துவிடுங்கள். எக்செல்லில் எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து நகலெடுத்து முதல் ஆப்ஷன் பெட்டியில் ஒட்டினால் 42 வரியும் தனித்தனி ஆப்ஷனாக விழும். அதற்குக் கீழே பெயர், மதிப்பெண் 0, கட்டாயம். எண் தவறாகத் தொட்டாலும் பெயரைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரே எண்ணில் இரண்டு பதில் வந்தால் நேரப்பதிவு இருக்கிறது. பதில்களைக் கூகுள் ஷீட்ஸ் அட்டவணையோடு இணைத்தால் முதல் பத்தியில் நேரம், அடுத்து மதிப்பெண் வரும். வரிசை எண் பத்தியை வைத்து அடுக்கினால் இரட்டைகள் ஒட்டி நிற்கும். முந்தியதை எடுத்துக்கொள்வேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டாலே இரண்டாம் முறை எழுதுபவர்கள் குறைந்துவிடுவார்கள்.

எழுதியது அழிந்துபோவது ஏன்

ஃபார்ம் ஒருமுறை முழுதாகத் திறந்துவிட்டால் கேள்விகள் போனிலேயே இருக்கும். நெட் போனாலும் விடைகளைத் தொட்டுக்கொண்டே போகலாம். நெட் கட்டாயம் தேவைப்படுவது சப்மிட் அழுத்தும் நொடியில். அழிவு பெரும்பாலும் அங்கே நேர்வதில்லை, அதற்கு முன்பே நேர்கிறது. 2 ஜிபி ராம் உள்ள பழைய போனில் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி வருகிறது, அல்லது அம்மாவுக்கு அழைப்பு வருகிறது. போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் இடம் போதாமல் பிரவுசர் அந்தப் பக்கத்தை நினைவிலிருந்து கழற்றியிருக்கும். திரும்ப ஏற்றும்போது வெற்றுத் தாள்தான் வரும். கூகுளில் லாகின் ஆகியிருந்தால் வரைவு தானாகச் சேமிக்கப்படும், 30 நாள் வரை இருக்கும். லாகின் இல்லாதவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அந்தத் தானியங்கிச் சேமிப்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே கணக்கில் இரண்டு பேர் எழுதும்போது முதல் பிள்ளை பாதியில் விட்டுப் போன விடைகள் இரண்டாவது பிள்ளை திறக்கும்போது அப்படியே குறித்து நிற்கும். அதைத் தன் விடை என்று நினைத்து அனுப்பிவிடுவதும் நடக்கும். செட்டிங்ஸில் தானியங்கிச் சேமிப்பை எல்லோருக்கும் அணைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் வகுப்பில் போன் பகிர்வோர் அதிகமா, நெட் அறுபடுவோர் அதிகமா என்று பார்த்து முடிவெடுங்கள். அணைக்காமல் விட்டுவிட்டு, ஒருவர் சப்மிட் செய்த பிறகே போனை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

இரண்டு நோய்க்கும் பொதுவான மருந்து, தாளைச் சுருக்குவது. 10 கேள்விக்கு மேல் ஒரு ஃபார்மில் வைக்காதீர்கள். 40 கேள்வித் தாள் ஒன்றுக்குப் பதில் 10 கேள்வியில் நான்கு லிங்க் கொடுத்தால், அழிந்தாலும் ஐந்து நிமிட உழைப்புதான் அழியும். குரூப்பில் லிங்க்கோடு இந்த ஐந்து வரியையும் போடுங்கள்:

‘லிங்க்கைத் தொட்டுத் தாள் முழுவதும் இறங்கும்வரை கீழே வரை தள்ளிப் பாருங்கள். விடையை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நெட் போனால் ரீஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின் பொத்தானைத் தொடாதீர்கள். சிக்னல் வந்த பிறகு சப்மிட் அழுத்துங்கள். பதில் பதிவானது என்ற திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.’

நோட்டில் எழுதச் சொல்வது பழைய பழக்கம்போலத் தோன்றும். ஆனால் எல்லாம் அழிந்தாலும் ஒரு நிமிடத்தில் மறுபடி நிரப்ப அதுதான் கைகொடுக்கும்.

ஒரு துணைக் குறிப்பு: டெலிகிராம், ஃபேஸ்புக் போன்ற செயலிகள் லிங்க்கைத் தமக்குள்ளேயே திறக்கும். அந்த உள்-பிரவுசருக்குப் போனில் உள்ள கூகுள் லாகின் தெரியாது. அங்கே லாகின் செய்யப் போனாலும் கூகுள் பல இடங்களில் தடுத்துவிடும். மூன்று புள்ளியைத் தொட்டுக் குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

நேரமும் டேட்டாவும்

இரவு 8 முதல் 8:30 வரை தேர்வு என்று வைக்கிறவர்கள், அந்த நேரத்தில் போன் யார் கையில் இருக்கும், பேக் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் பேக்கில் அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் நொடிக்கு 8 கேபிதான் வரும். 1 எம்பி அளவுள்ள பக்கம் இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பக்கம் வரவில்லை என்று பிள்ளை ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். நள்ளிரவில் பேக் புதுப்பிக்கப்படுவதால் அதிகாலையில் அதே போனில் நொடியில் திறக்கும்.

எனவே தேர்வு நேரம் மாலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிவரை இருக்கட்டும். வேலைக்குப் போன போன் வீடு திரும்பும் நேரமும், புது டேட்டா கிடைக்கும் நேரமும், மின்வெட்டு வந்தால் சமாளிக்கும் அவகாசமும் அதற்குள் அடங்கிவிடும். மூடும்போது பதில் பெறுவதை நீங்களே கையால் அணைத்தால், அதற்கு முன் சப்மிட் அழுத்தாதவர் எழுதியதெல்லாம் வீண்தான். அதனால் குரூப்பில் 8 என்று சொல்லிவிட்டு 8:15க்கு மூடுங்கள்.

நேரம் நீண்டால் விடை கசியும் என்று பயப்படுவீர்கள், நியாயம்தான். சப்மிட் செய்தவுடன் சரியான விடைகளைக் காட்டும்படி வைத்திருந்தால் 6:10க்கு ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றும். பிறகு வெளியிடு என்ற தேர்வை எடுத்தால் அது மெயில் சேகரிப்பைத் தானாகவே போட்டுவிடும். நாம் கழற்றிய பூட்டு வேறு வழியாகத் திரும்பி வந்து தொங்கும். அதற்கு மாற்று: உடனடி வெளியீட்டிலேயே வைத்துவிட்டு, மாணவர் எதைப் பார்க்கலாம் என்ற பகுதியில் தவறிய கேள்விகள், சரியான விடைகள், மதிப்பெண் மூன்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். மறுநாள் ஷீட்ஸில் உள்ள மதிப்பெண்ணை ஒவ்வொருவருக்கும் சொல்லி, விடைகளை வகுப்பில் விளக்குங்கள். 42 பேரின் மதிப்பெண் பட்டியலைக் குரூப்பில் ஒட்டாதீர்கள். மற்றப் பெற்றோர் கண்முன் 3 மதிப்பெண் வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் ‘லிங்க் திறக்கவில்லை’ என்று சொல்லும்.

தமிழில் தாள் தயாரிப்பதில் தனியாக வரும் தொல்லைகள்

பழைய வினாத்தாளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வருகிறதா? அந்தத் தாள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் அடிக்கப்பட்டது. கணினியில் அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும், இணையப் பக்கத்தில் தெரியாது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகு ‘ஔ’, ‘ஸ்ரீ’, வேதிச் சமன்பாட்டின் அம்புக்குறி, அடிக்குறி எண்கள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள், அங்கேதான் சிதையும். சமன்பாடுகளைப் படமாக வைப்பது பாதுகாப்பு.

கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியைத் தானாகத் திருத்தவிட்டால் தமிழில் அடி வாங்குவீர்கள். ஃபார்ம்ஸ் குறுவிடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ‘ஒளிச்சேர்க்கையின்போது வெளியேறும் வாயு’ என்று கேட்டால் ஆக்சிஜன், ஆக்ஸிஜன், ஆக்சிசன், உயிர்வளி, பிராணவாயு என்று ஐந்து சரியான விடை வரும். விடைக்குறிப்பில் ஐந்தையும் சேர்க்காவிட்டால் நான்கு பிள்ளைகளுக்கு 0 விழும். இன்னும் நுணுக்கமானது ‘ஔவையார்’. ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாக அடிப்பவர் உண்டு, ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் அடிப்பவர் உண்டு, ‘அவ்வையார்’ என்பவரும் உண்டு. முதல் இரண்டும் திரையில் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வெவ்வேறு சொற்கள். விடை சரியாக இருந்தும் ஏன் தவறு என்று வந்தது என்று பிள்ளை கேட்டால் உங்களுக்கே புரியாது. ஒற்றுப் பிழைக்கும் இதே கதைதான். ஆகவே தமிழில் தானாகத் திருத்தப்படும் தாள் என்றால் பலவுள் தெரிவு, பொருத்துக, சரியா தவறா இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறுவிடை வைத்தே தீர வேண்டுமென்றால் எண் விடை வரும் கணக்காக வையுங்கள், அலகை எழுத வேண்டாம் என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். ‘10’ என்பதற்குப் ‘10 மீ/வி’ என்று எழுதினால் அதுவும் தவறாகிவிடும்.

வரிசையைக் கலைத்துக் காட்டும் வசதி காப்பியடிப்பதைக் கொஞ்சம் தொந்தரவு செய்யும், பயன்படுத்துங்கள். ஆனால் ‘மேற்கூறிய அனைத்தும்’ என்ற ஆப்ஷன் உள்ள கேள்வியில் ஆப்ஷன்களைக் கலைத்தால் அது முதல் இடத்துக்கு வந்து நிற்கும், மேலே ஒன்றும் இருக்காது. ‘அ மற்றும் இ’ வகை ஆப்ஷனும் அப்படியே. இவற்றை ‘இவை அனைத்தும்’ என்று மாற்றி எழுதுங்கள், அல்லது அந்தக் கேள்வியில் மட்டும் கலைக்காமல் விடுங்கள். பெயரும் வரிசை எண்ணும் தனி செக்‌ஷனில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கேள்விகளைக் கலைக்கும்போது அவையும் கலைந்து ஏழாவது கேள்வியாகப் பெயர் கேட்கும்.

வேறு செயலிகள் எப்போது

கஹூட் என்ற வினாடி வினாச் செயலி வகுப்பறையில் கலகலப்புக்கு நல்லது. பெரிய திரையில் கேள்வி, கையில் விடை. ஆனால் ஒரு கேள்விக்கு வழக்கமாக 1000 புள்ளி வரை வேகத்தைப் பார்த்துக் கொடுப்பதால், நெட் மெதுவாக உள்ள பிள்ளை விடை தெரிந்தும் பின்தங்கும். வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்கு அது வேண்டாம். குவிஸிஸ் என்று நாம் அறிந்தது 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது. அதில் கேள்வி மாணவரின் கருவியிலேயே தெரியும், அவரவர் வேகத்தில் எழுதலாம், நேரக் கணக்கை அணைக்கலாம். டிஎன்பிஎஸ்சி பயிற்சிக் குழுக்களில் ஓடும் டெலிகிராம் வினாடி வினா டேட்டாவை மிகக் குறைவாகத் தின்னும், விடைக்கு விளக்கமும் வைக்கலாம். ஆனால் கணக்குத் தொடங்கப் போன் எண் வேண்டும், குழுவில் அந்நியர்கள் தொடர்பும் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதைத் தொட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று பேர் தொட்டதையே மற்ற 39 பேரும் தொடுவார்கள்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம் பற்றி ஒரு சொல். அதில் நேரக் கட்டுப்பாடு வைத்தால் நெட் அறுந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடும். 30 நிமிடத் தேர்வை மூடுவதற்கு 10 நிமிடம் முன் தொடங்குபவருக்கு 10 நிமிடம்தான் கிடைக்கும். இது தெரியாமல் சண்டை வரும். நேரம் முடிந்ததும் எழுதியவரை தானாகச் சமர்ப்பிக்கும் தேர்வைப் போட்டுவையுங்கள். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரமோ இன்னொரு வாய்ப்போ கொடுக்க ‘ஓவர்ரைட்ஸ்’ இருக்கிறது, அதற்காகத் தேர்வையே எல்லோருக்கும் திறக்க வேண்டியதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குக் கூடுதல் நேரம் தருவதும் அதே இடத்தில்தான். மூடுல் மொபைல் செயலியில் நெட் இல்லாமலே எழுதிப் பிறகு ஏற்றும் வசதியும் உண்டு. ஆனால் நேரக் கட்டுப்பாடு வைத்த தேர்வுக்கு அது செல்லாது, விடையைப் பின்னர் காட்டும் முறையில்தான் செல்லும். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே கேள்வியில் ஒட்டாதீர்கள். பத்துக் கேள்விக்கு 40 எம்பி ஆகிவிடும். 100 கேபி அளவுக்குச் சுருக்கினாலும் தவளையின் இதயம் தெளிவாகவே தெரியும்.

போனே இல்லாத வீடுகள்

இந்த இரண்டு மூன்று பேருக்காகத் தனி வினாத்தாள், தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் மூன்றாவது வாரமே அது நின்றுவிடும். அதே ஃபார்மையே பயன்படுத்துங்கள். மூன்று புள்ளி மெனுவில் அச்சிடும் வசதி இருக்கிறது. 10 கேள்வித் தாள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். முந்தின நாள் வகுப்பிலேயே கொடுத்துவிட்டு, காலையில் வாங்கி அவர்களின் வரிசை எண்ணில் நீங்களே ஃபார்மில் ஏற்றிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லாகின் பூட்டைக் கழற்றியிருப்பதால் உங்கள் ஒரே போனிலிருந்து எத்தனை பேருக்கும் ஏற்றலாம். மதிப்பெண்ணும் ஒரே ஷீட்டில் வந்து சேரும். பக்கத்து வீட்டுப் பட்டன் போனில் மட்டும் கிடைக்கும் பிள்ளை என்றால் அழைத்துக் கேள்வியை வாசித்து விடையை நீங்களே தொட்டுக்கொள்ளலாம்.

வகுப்பறையில் வைப்பதானால் பிளிக்கர்ஸ் என்ற முறையைப் பாருங்கள். மாணவருக்குக் கருவியே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட அட்டை ஒன்று; கறுப்பு வெள்ளைக் கட்ட வடிவத்தின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சிறிதாக இருக்கும். விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்க வேண்டும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன விடை என்று பதிவாகிவிடும். எழுத்து சிறிதாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளைக்கு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அச்சிட்டு லேமினேட் செய்யும்போது பளபளப்புத் தாள் போடாதீர்கள், விளக்கு வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. கெட்டியான சார்ட் தாளில் ஒட்டுவது மலிவும் நல்லதும். விரல் கறுப்புக் கட்டத்தின்மேல் படாமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்வரிசை அட்டையை முன்வரிசைத் தலை மறைக்கும், அவர்களை நிற்கச் சொன்னால் போதும்.

கணினி அறையிலோ உங்கள் ஹாட்ஸ்பாட்டிலோ வைப்பதானால் கருவிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பல போன்களின் ஹாட்ஸ்பாட்டில் 10 கருவிவரைதான் இணையும்; பதினோராவது பிள்ளையின் போன் ‘இணைக்கிறது’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும், பாஸ்வேர்டு தவறு என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். பத்துப் பத்துப் பேராக, ஒரு குழு முடித்து வைஃபையை அணைத்த பிறகு அடுத்த குழு.

அடுத்த வாரத் தாளுக்கு நீங்கள் இன்றே மாற்ற வேண்டியவை: ஒரு பதில் என்ற கட்டுப்பாடு, மெயில் சேகரிப்பு, ஃபைல் அப்லோட் கேள்வி மூன்றையும் எடுத்துவிட்டு, வரிசை எண் டிராப்டவுனைச் சேருங்கள். இன்காக்னிடோவில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு லிங்க்கை அனுப்புங்கள். அதன் பிறகும் யாருக்காவது திறக்கவில்லை என்றால் ‘திறக்கவில்லை’ என்ற சொல்லோடு விடாமல் திரையின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். ‘அனுமதி வேண்டும்’ என்றிருந்தால் கோளாறு உங்கள் பக்கம், வெள்ளைப் பக்கமோ சுற்றும் வட்டமோ இருந்தால் நெட்.